முதல் தடவை உதவி கேட்டுப் போறீங்களா? "அப்ப வேற யாரு பண்ணுவாங்க?"ன்னு கேக்காம வெளிய வராதீங்க

சில வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்ல ஒருத்தங்க படுத்த படுக்கையா ஆயிட்டாங்க. வீட்டுக்கே வந்து புண்ணுக்கு மருந்து போட்டு, எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கணும்னு சொல்லிக்கொடுத்து, தேவைப்பட்டா கட்டில்கூட இரவலா தர்ற ஒரு தொண்டு நிறுவனம் இருக்குன்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க. போலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சு மூணாவது நாள் போனேன். முன்னாடி மேசையில இருந்தவங்க அட்ரஸ் கேட்டாங்க, சொன்னேன், "உங்க ஏரியா எங்களுக்கு வராதுங்க"ன்னாங்க, நான் சரிங்கன்னு எழுந்து வந்துட்டேன். உள்ள இருந்தது ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. மூணு வாரம் கழிச்சு வேற ஒருத்தர் மூலமாத்தான் தெரிஞ்சுது, அதே வேலைய எங்க ஏரியாவுக்குப் பண்ற இன்னொரு குழு எங்க வீட்லேர்ந்து ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க, முதல்ல போன இடத்துக்காரங்களுக்கும் அவங்கள நல்லாத் தெரியும்னு. அந்த மூணு வாரத்துல முதுகுப் புண்ணு உள்ளங்கை அகலத்துக்கு ஆயிருச்சு.

அப்ப எங்களுக்கு யாரு பண்றாங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா அன்னிக்கே நம்பர் கிடைச்சிருக்கும்.

அதுக்கப்புறம் நானே ஒரு சேவை மையத்துல வாரத்துக்கு ஒரு நாள் அதே மாதிரி முன் மேசையில உக்கார ஆரம்பிச்சேன், இப்பவும் போயிட்டுதான் இருக்கேன். அங்கேர்ந்து பாக்கும்போது ஒண்ணு நல்லாப் புரியுது. வர்றவங்கள்ல பாதிப் பேரு, முதல் "இல்லைங்க" வந்ததும் அது தன்னைப் பாத்து சொன்னதுன்னு எடுத்துக்கிட்டு முகம் சுருங்கி எழுந்து போயிடுறாங்க. அந்த "இல்ல"ங்கறது பெரும்பாலும் ஏரியா பத்தினது, நிதி பத்தினது, அந்த மாசம் இடம் இருக்கா இல்லையாங்கறத பத்தினது. உங்களப் பத்தினதே இல்ல. இத மனசுல வச்சுக்கிட்டு கீழ உள்ளதப் படிங்க. புது ஊருக்கு வந்தவங்க, வாழ்க்கைல முதல் தடவையா வெளிய உதவி கேக்க வேண்டி வந்தவங்க, இல்ல வேற யாரையாவது கூட்டிட்டுப் போறவங்க, மூணு பேருக்கும் சேத்துத்தான் எழுதுறேன்.

முதல்ல ஒரு பேப்பர் எடுங்க

எங்க போறதுன்னு தேடுறதுக்கு முன்னாடி, என்ன வேணும்னு எழுதுங்க. மனசுல இருக்கும்போது எல்லாம் ஒரே மூட்டையா இருக்கும், வேலை போச்சு, அதனால வாடகை நிக்குது, அதனால வீட்ல சண்டை, அதனால புள்ளைக்கு பள்ளிக்கூடம் போகப் பிடிக்கல, ராத்திரி தூக்கம் இல்லன்னு. மேசைக்கு வந்து உக்காந்ததும் இது மொத்தமும் ஒரே மூச்சுல வரும், வரத்தான் செய்யும், ஆனா இதுல ஒவ்வொண்ணுக்கும் வேற வேற கதவு இருக்கு. வாடகை விஷயம் ஆலோசனை மையம் இல்லன்னா சட்ட உதவி, புள்ள விஷயம் பள்ளிக்கூடத்து கவுன்சிலர், தூக்கம் இல்லாததுக்கு மனநல சேவை. அதனால தனித்தனி வரியா எழுதி, ஒவ்வொண்ணுக்குப் பக்கத்துலயும் ஒரு தேதி போடுங்க. எந்தத் தேதிக்குள்ள இது நடக்கலன்னா நிலைமை கைய மீறிப் போகும்? எந்த தேதி ரொம்பக் கிட்ட இருக்கோ அதுதான் முதல் வேலை, மத்தது அடுத்த வாரம்.

வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணச் சொல்லி லெட்டர் வந்திருக்குன்னு ஒருத்தர் அரை மணி நேரம் வேற எல்லாம் பேசிட்டு கடைசியில, கிளம்பும்போது, கதவுக்கிட்ட நின்னு சொன்னாரு. அன்னிக்கு வியாழன். மறுபடி உக்கார வச்சு, லெட்டர வாங்கிப் பாத்து, அன்னிக்கே சட்ட உதவிக்கு போன் போட்டோம். அத முதல் வரியாச் சொல்லியிருந்தா அந்த அரை மணி நேரம் மிச்சம்.

உயிருக்கு ஆபத்து, அடி, தீ, மயக்கம் மாதிரி விஷயம்னா இந்தக் கட்டுரை, பேப்பர் எல்லாம் அப்புறம், நேரா அவசர நம்பருக்கு அடிங்க.

எங்க தேடுறது

இதுக்குன்னே சில நாடுகள்ல பொது நம்பர் இருக்கு. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் பெரும்பாலான இடங்கள்ல 211க்கு அடிச்சா உங்க பகுதியில எந்த சேவை எங்க இருக்குன்னு சொல்வாங்க, 1997ல அட்லாண்டாவுல ஆரம்பிச்சது. இந்தியாவுல குழந்தைங்க விஷயம்னா 1098, இலவச சட்ட உதவிக்கு 15100. இலங்கையில குழந்தைங்களுக்கு 1929. மலேசியாவுல வீட்ல அடி, குழந்தைக்குக் கெடுதல் மாதிரி விஷயத்துக்கு 15999. பிரிட்டன்ல மனசு உடைஞ்சு பேச ஆள் வேணும்னா 116 123. நீங்க இருக்குற நாட்டுல இந்த மாதிரி என்ன நம்பர் இருக்குன்னு பிரச்சனை இல்லாத நாள்லயே பாத்து போன்ல சேவ் பண்ணி வச்சுக்கங்க, கஷ்டம் வந்த அன்னிக்கு தேடுறதுக்கு மனசு ஓடாது.

நம்பர் இல்லாத ஊர்னா ஆள் இருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரிகள்ல சமூக சேவகர்னு தனியா ஒரு பதவி இருக்கும், நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. நர்ஸ்கிட்ட "சோஷியல் வொர்க்கரப் பாக்கணும்"னு கேளுங்க. அந்தப் பகுதியில யாரு கட்டில் தர்றாங்க, யாரு மருந்துச் செலவுக்கு உதவுறாங்கன்னு அவங்க கையில ஒரு லிஸ்ட் இருக்கும், அது எந்த வெப்சைட்லயும் இருக்காது. அதே மாதிரி பொது நூலகம், பள்ளிக்கூட ஆபீஸ், உள்ளாட்சி அலுவலகம், வழிபாட்டுத்தலங்கள். நெட்ல தேடினாலும் பரவால்ல, ஆனா அங்க போட்டிருக்குற நேரம், அட்ரஸ் எல்லாம் பழசா இருக்க நிறைய வாய்ப்பு. தொண்டு நிறுவனத்துல இருக்குறதே நாலஞ்சு பேரு, வெப்சைட்ட புதுப்பிக்கிறது எப்பவும் கடைசி வேலை. அதனாலதான் அடுத்த விஷயம்.

போறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க

நிறைய சேவைகள் தினமும் நடக்குறது இல்ல. வக்கீல் வாரத்துக்கு ஒரு மத்தியானம் வருவாரு, உணவுப் பை குடுக்குறது ரெண்டு நாள், மத்த நாள் பூட்டியிருக்கும். ரெண்டு பஸ் மாறி வந்து பூட்டின கதவப் பாத்துட்டு திரும்பிப் போனவங்க மறுபடி வர்றது கஷ்டம், அதுலயும் கைக்குழந்தையோட வந்தவங்கன்னா சொல்லவே வேணாம்.

போன்ல பேச தயக்கமா இருந்தா மூணே விஷயம் சொன்னாப் போதும். நான் இன்ன ஏரியாவுல இருக்கேன், எனக்கு இது வேணும், இந்தத் தேதிக்குள்ள வேணும். "வணக்கங்க, நான் புதுசா கேக்குறேன், எங்க வீட்ல வயசானவங்களுக்கு நடக்க வாக்கர் வேணும், அடுத்த வாரம் ஆஸ்பத்திரிலேர்ந்து டிஸ்சார்ஜ், நீங்க தருவீங்களா"ன்னு கேட்டா எதிர்ல இருக்குறவங்களுக்கு உடனே புரிஞ்சிரும். அவங்க ஆமான்னா, எந்த நாள், எத்தன மணி, அப்பாயின்மென்ட் வேணுமா இல்ல டோக்கனா, என்ன பேப்பர் எடுத்துட்டு வரணும், யார் பேரச் சொல்லிக் கேக்கணும்னு கேட்டு எழுதிக்கங்க. இல்லன்னா, தலைப்புல இருக்குற கேள்வி. போன்லயே கேளுங்க, அலைச்சல் மிச்சம்.

பேப்பர்

ஒரு அம்மா வருவாங்க, ஜிப் வச்ச பிளாஸ்டிக் பையில எல்லாத்தையும் அடுக்கி வச்சிருப்பாங்க. மேல அடையாள அட்டை, அதுக்குக் கீழ வீட்டு அட்ரஸுக்கான ஆதாரம், அப்புறம் வருமானம் சம்பந்தப்பட்டது, ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் தேதி வாரியா, கடைசியில எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ். எழுதப் படிக்க அவ்வளவா வராது அவங்களுக்கு, ஆனா ஒவ்வொரு காகிதத்தோட மூலையிலயும் சின்னதா ஒரு படம் வரைஞ்சிருப்பாங்க, வீட்டுக்கு ஒரு கூரை, மருந்துக்கு ஒரு குப்பி. கேட்டதும் ரெண்டு விரல்ல எடுத்துக் குடுப்பாங்க. ஒரு மணி நேரம் ஆகுற வேலை அவங்களுக்குப் பத்து நிமிஷத்துல முடியும்.

அவ்ளோ பண்ண முடியலன்னாலும், இருக்குறத போன்ல தெளிவா போட்டோ எடுத்து வச்சுக்கங்க, ஒரு ஜெராக்ஸ் கையில இருக்கட்டும். ஒரிஜினல காட்டுங்க, காட்டிட்டுத் திரும்ப வாங்கிக்கங்க, எந்த நல்ல நிறுவனமும் உங்க ஒரிஜினல் அட்டைய "எங்ககிட்டயே இருக்கட்டும்"னு வச்சுக்காது.

பேப்பரே இல்லன்னா? அதுக்காகப் போகாம இருக்காதீங்க. வீட்ல அடி தாங்க முடியாம கட்டின துணியோட வந்தவங்க, வெள்ளத்துல எல்லாம் போனவங்க, தெருவுல தூங்குறவங்க, இவங்கிட்ட பேப்பர் இருக்காதுன்னு அங்க இருக்குறவங்களுக்குத் தெரியும். பிரிட்டன்ல சிட்டிசன்ஸ் அட்வைஸ்னு ஒரு ஆலோசனை சேவை இருக்கு, அது ஆரம்பிச்சதே 1939 செப்டம்பர் 4, போர் அறிவிச்ச மறுநாள், ஒரே நேரத்துல 200 இடத்துல. ரேஷன் புக்கத் தொலைச்சவங்க, வீடு இடிஞ்சவங்க, சொந்தக்காரங்க எங்கன்னு தெரியாதவங்கன்னு வந்தவங்களுக்குத்தான் அவங்க வேலையே, குதிரை ஏத்துற வண்டிய ஆபீஸா மாத்தி குண்டு விழுந்த தெருப் பக்கத்துலயே கொண்டு போய் நிறுத்தியிருக்காங்க. பேப்பர் இல்லாதவங்களுக்கு பேப்பர் வாங்கித் தர்றதும் இந்த மாதிரி இடங்களோட வேலைதான். "எங்கிட்ட ஒண்ணும் இல்ல, எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்"னு கேளுங்க.

உள்ள போனதும் என்ன நடக்கும்

முன்னாடி ஒருத்தர் இருப்பாங்க, என்னை மாதிரி வாலண்டியரா இருக்கலாம். அவங்க முடிவு எடுக்குறவங்க இல்ல. பேரு, ஏரியா, என்ன விஷயம்னு கேட்டு சரியான ஆள்கிட்ட அனுப்புறதுதான் அவங்க வேலை. அதனால முழுக் கதையையும் அங்கயே, நாலு பேரு காத்துட்டு இருக்குற இடத்துல சொல்லணும்னு இல்ல. "கொஞ்சம் தனியாப் பேசணுங்க"ன்னு சொன்னாப் போதும்.

அடுத்து ஒரு ஃபார்ம். வீட்ல எத்தன பேரு, என்ன வருமானம், கடன் இருக்கா, உடம்புக்கு என்னன்னு வரிசையாக் கேப்பாங்க. இதுல நிறைய பேருக்குக் கோவம் வருது, "உதவி கேட்டா ஜாதகத்தையே கேக்குறாங்க"ன்னு. ஏன் கேக்குறாங்கன்னா, நிதி குடுக்குறவங்க அத ஒரு நிபந்தனையோட குடுத்திருப்பாங்க, இந்தப் பணம் இந்த ஏரியாவுல இருக்குற, இந்த வயசுக்கு மேல, இந்த வருமானத்துக்குக் கீழ உள்ளவங்களுக்கு மட்டும்னு. அத வேற யாருக்காவது குடுத்தா அடுத்த வருஷம் அந்தப் பணமே வராது. அவங்க மேசையில வேற ஒரு நிதி இருந்து அதுக்கு நீங்க பொருந்தவும் செய்யலாம், அதக் கண்டுபிடிக்கவும் இந்தக் கேள்விங்கதான் வேணும். எந்தக் கேள்வி எதுக்குன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, கேளுங்க. பதில் சொல்லப் பிடிக்கலன்னா அதையும் சொல்லுங்க.

உண்மையச் சொல்லுங்க, குறைச்சும் வேணாம் கூட்டியும் வேணாம். கூட்டிச் சொல்றவங்கள விட குறைச்சுச் சொல்றவங்கதான் அதிகம்னு நான் பாத்திருக்கேன். "நாங்க எப்படியோ சமாளிச்சுக்குவோம்"னு சொல்லி, ரெண்டு நாளா அடுப்பு எரியாத வீட்ட சாதாரண வீடு மாதிரி எழுத வச்சுட்டுப் போயிடுவாங்க, அந்த ஃபார்மப் படிச்சு முடிவு எடுக்குறவங்க அவசரம் இல்லாத கேஸ்னு கீழ வச்சிருவாங்க. எழுதினத ஒரு தடவ வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. வெத்துத் தாள்ல கையெழுத்து மட்டும் போடாதீங்க.

நீங்க சொல்றது வெளிய போகுமான்னு பயமா இருந்தா முதல்லயே கேளுங்க, "இது யார் யாருக்குத் தெரியும்?"னு. பொதுவா அந்த வேலையப் பாக்குறவங்களுக்கு உள்ளயே நிக்கும். விதிவிலக்கு உண்டு, யாரோட உயிருக்காவது ஆபத்துன்னாலோ, குழந்தைக்குக் கெடுதல் நடக்குதுன்னாலோ, கோர்ட் கேட்டாலோ அவங்க சொல்லித்தான் ஆகணும். நல்ல இடம்னா இத ஆரம்பத்துலயே சொல்லிருவாங்க.

மொழி வேற ஊர்ல இருந்தா மொழிபெயர்க்க ஆள் கிடைக்குமான்னு போன்லயே கேளுங்க, பெரிய சேவைகள்ல போன் வழியாவாவது ஏற்பாடு பண்ணுவாங்க. தயவு செஞ்சு புள்ளைங்கள மொழிபெயர்க்க வைக்காதீங்க. ஒரு தடவ ஒன்பது பத்து வயசுப் பொண்ணு, அப்பாவோட கடன் எவ்ளோ, அம்மா ராத்திரி ஏன் அழறாங்கன்னு எனக்கு விளக்கிச் சொல்லிட்டு இருந்தா. நடுவுல ஒரு இடத்துல நிறுத்திட்டு மேசையோட விளிம்பயே பாத்துட்டு இருந்தா. அன்னிக்கே அத நிறுத்தி வேற நாள் ஆள் வச்சுப் பேசினோம்.

"இல்லைங்க"ன்னு சொன்னா

இங்கதான் நிதானமா இருக்கணும். நாலு விதமா "இல்ல" வரும், ஒவ்வொண்ணுக்கும் கேக்க வேண்டியது வேற.

ஏரியா வராதுன்னா, எனக்கு நடந்தது அதுதான், பக்கத்து ஏரியாவுக்கு யாருன்னு அவங்களுக்குப் பெரும்பாலும் தெரிஞ்சிருக்கும். பேரும் நம்பரும் வாங்குங்க. முடிஞ்சா "நீங்களே ஒரு போன் பண்ணிச் சொல்ல முடியுமா"ன்னு கேளுங்க. நீங்களா புதுசாப் போய் நிக்கறதுக்கும், இன்னொரு நிறுவனம் பேசி அனுப்பி வைக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு, சில இடங்க இந்த ரெஃபரல் இல்லாம ஆள எடுக்கவே எடுக்காது.

நீங்க தகுதிக்குள்ள வரலன்னா, எந்த நிபந்தனையால வரலன்னு கேளுங்க. வருமானமா, வயசா, பேப்பரா? பேப்பர்னா அது சரி பண்ணக்கூடியது. வருமானம்னா அது பாக்காத வேற சேவை இருக்கலாம், உதாரணத்துக்கு இந்தியாவுல 1987ல வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டப்படி பெண்கள், குழந்தைங்க, மாற்றுத்திறனாளிகள், பட்டியல் இனத்தவங்க, பழங்குடியினர், காவல்ல இருக்குறவங்க எல்லாருக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமான வரம்பு பாக்குறதில்ல. இது தெரியாம "நமக்கு சம்பளம் வருது, நமக்குத் தர மாட்டாங்க"ன்னு எத்தன பெண்கள் வக்கீல் இல்லாம கேஸ் நடத்துறாங்க.

இடம் இல்ல, ஆள் நிறைஞ்சிருச்சுன்னா, வெயிட்டிங் லிஸ்ட்ல பேரு போடச் சொல்லுங்க, எத்தனாவது, சுமாரா எவ்ளோ நாள் ஆகும்னு கேளுங்க, அதுவரைக்கும் சமாளிக்க வேற என்ன இருக்குன்னு கேளுங்க. நிலைமை மோசமானா மறுபடி சொல்லலாமான்னும் கேட்டு வைங்க. நிறைய இடத்துல வரிசை வந்த தேதிப்படி மட்டும் போறதில்ல, அவசரத்தப் பாத்தும் மாறும்.

இது எங்க வேலையே இல்லன்னா, சரி, அப்ப வேற யாரு பண்ணுவாங்க? அவ்ளோதான்.

பதில் தெரியலன்னா "தெரிஞ்சவங்க உள்ள யாராவது இருக்காங்களா"ன்னு இன்னொரு தடவ கேக்கலாம், தப்பே இல்ல. முன் மேசையில புதுசா வந்த வாலண்டியர் இருப்பாங்க, பின்னாடி ரூம்ல பதினஞ்சு வருஷமா அங்கயே இருக்குறவங்க இருப்பாங்க. எங்கிட்ட அப்படிக் கேக்குறவங்கள எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியாதது ஒண்ண அன்னிக்கு நானும் கத்துக்குவேன்.

வெக்கம்

இத ஒரு ஸ்டெப்பா எழுதலாமான்னு யோசிச்சேன், ஆனா எல்லா ஸ்டெப்பையும் விட இதுலதான் ஆள் நின்னு போறாங்க. ஒருத்தர் மூணு நாள் வாசப்படியில வந்து உக்காந்துட்டு உள்ள வராமலே போனாரு, நாலாவது நாள் நான் தண்ணி குடுக்கப் போய்ப் பேசினப்புறம்தான் உள்ள வந்தாரு. நல்லா சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுட்டு வந்திருந்தாரு, நாலு நாளும்.

இந்த சேவைகள்ல பலதுக்கு யோசனையே உதவி தேவைப்பட்டவங்ககிட்டேர்ந்துதான் வந்திருக்கு. ஃபுட் பேங்க்னு இப்ப உலகம் முழுக்க இருக்கே, அது 1967ல அமெரிக்காவுல ஃபீனிக்ஸ்ல ஆரம்பிச்சது. ஜான் வான் ஹெங்கல்னு ஒருத்தர் அங்க ஏழைங்களுக்கு சாப்பாடு போடுற இடத்துல வாலண்டியரா இருந்தாரு. அங்க வந்த ஒரு அம்மா, கடைக்காரங்க தூக்கிப் போடுற நல்ல பொருள எடுத்துதான் என் புள்ளைங்களுக்கு சாப்பாடு போடுறேன், இத வீணாக்காம ஒரு இடத்துல போட்டு வச்சு வேணுங்கறவங்க எடுத்துக்குற மாதிரி, பேங்க் மாதிரி, ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்னு சொல்லியிருக்காங்க. அவரு அதத்தான் செஞ்சாரு. அந்த அம்மா அன்னிக்கு வெக்கப்பட்டுட்டு பேசாம தட்ட மட்டும் வாங்கிட்டுப் போயிருந்தா?

மனநலக் கவுன்சிலருக்கு அப்பாயின்மென்ட் ரெண்டு வாரம் கழிச்சுதான், இப்ப ஒரு வாலண்டியர் பேசுவாங்க, பரவால்லயான்னு கேட்டா சரின்னு சொல்லுங்க. படிச்ச டாக்டர் இல்லையேன்னு ஒதுக்காதீங்க. லண்டன்ல 1953ல சாட் வராங்கற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோட இருக்குறவங்க எனக்கு போன் பண்ணுங்கன்னு அறிவிச்சு சமாரிட்டன்ஸ ஆரம்பிச்சாரு. நேர்ல வந்தவங்க கூட்டம் அதிகமாச்சு, அவரப் பாக்கக் காத்துட்டு இருக்குறவங்களுக்கு வாலண்டியருங்க காபி குடுத்துப் பேச்சுக் குடுத்துட்டு இருந்தாங்க. அப்படிப் பேசினதுலயே பல பேருக்கு மனசு லேசாகி அவரப் பாக்காமலே கிளம்பிட்டாங்கன்னு அவரு கவனிச்சாரு. அடுத்த வருஷமே போன் எடுக்குற வேலைய அந்த வாலண்டியருங்ககிட்டயே குடுத்துட்டாரு. அதே மாதிரிதான் குடிய விட நினைக்கிறவங்க ஒண்ணாக் கூடிப் பேசுற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935ல அமெரிக்காவுல ஆக்ரன் நகரத்துல ரெண்டு பேரு பேசி ஆரம்பிச்சது. அங்க முழுப் பேரு சொல்ல வேணாம், பேசப் பிடிக்கலன்னா சும்மா உக்காந்து கேட்டுட்டும் வரலாம்.

எங்க உஷாரா இருக்கணும்

நல்ல இடங்கதான் அதிகம். ஆனாலும் உதவி தர்றேன்னு சொல்லி முதல்ல பணம் கட்டச் சொன்னா, ஓடிபி கேட்டா, பேங்க் பாஸ்வேர்டு கேட்டா, இந்தக் கட்சிக்கு வா இந்த மதத்துக்கு வான்னு நிபந்தனை போட்டா, தனியா வீட்டுக்கு வரச் சொன்னா, எழுந்து வந்துருங்க. சில சேவைகளுக்கு நியாயமான சின்னக் கட்டணம் இருக்கும், அது போர்டுல எழுதியிருக்கும், ரசீதும் குடுப்பாங்க. அங்க வேலை பாக்குற யாராவது உடம்பத் தொட்டாலோ, வேற எதுக்கோ பதிலா உதவின்னு ஜாடையாப் பேசினாலோ, அது எவ்ளோ பெரிய நிறுவனமா இருந்தாலும் அது குத்தம். மேல இருக்குறவங்ககிட்ட இல்ல போலீஸ்ல சொல்லுங்க, அதுக்கும் உங்ககூட வர ஆள் தர்ற பெண்கள் அமைப்புங்க இருக்கு.

போட்டோ பத்தி தனியாச் சொல்லணும். பை குடுக்கும்போது, சக்கர நாற்காலி குடுக்கும்போது, போட்டோ எடுப்பாங்க. கணக்குக்கு, நன்கொடை தர்றவங்களுக்குக் காட்ட. நீங்க வேணாம்னு சொல்லலாம். வேணாம்னா உதவிய நிறுத்தக் கூடாது. "முகம் தெரியாம எடுங்க", "நெட்ல போடாதீங்க"ன்னும் சொல்லலாம். புள்ளைங்க போட்டோன்னா இன்னும் ஜாக்கிரதை, நாளைக்கு அதே பள்ளிக்கூடத்துல கூடப் படிக்கிற புள்ளைங்க கண்ணுல அது படும். இத உள்ள இருக்குற நாங்களே ஒழுங்காக் கேக்கறதில்லங்கறது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், எங்க இடத்துல ஃபார்ம்ல தனி வரியாப் போடணும்னு சொல்லிச் சொல்லி இப்பதான் போட்டிருக்கோம்.

வெளிய வந்தப்புறம்

ஒரு சின்ன நோட்டு வச்சுக்கங்க. தேதி, யாரப் பாத்தேன், என்ன சொன்னாங்க, அடுத்து எப்ப. அவ்ளோதான், ரெண்டு வரி. நாலு இடம் அலைஞ்சதுக்கப்புறம் எல்லாம் கலந்து போயிரும், "போன மாசம் ஒருத்தர் சொன்னாங்க"ன்னு சொன்னா யாராலயும் தேட முடியாது, "12ஆம் தேதி காலையில இவங்களப் பாத்தேன், வியாழக்கிழமைக்குள்ள கூப்பிடுறேன்னாங்க"ன்னு சொன்னா உடனே ஃபைல எடுப்பாங்க. சொன்ன நாள்ல கூப்பிடலன்னா மறுநாள் நீங்க கூப்பிடுங்க. கோவப்படாம, ஆனா விடாம. ஒரே ஆளு நாப்பது கேஸ் பாத்துட்டு இருப்பாங்க, நீங்க ஞாபகப்படுத்துறது அவங்களுக்குத் தொந்தரவு இல்ல.

நடத்துன விதம் சரியில்லன்னா புகார் பண்ண வழி என்னன்னு கேட்டு எழுத்துல குடுங்க, அதனால உங்க உதவி நின்னு போகக் கூடாது. நிராகரிச்சாங்கன்னா காரணத்த எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க, மறுபடி பரிசீலிக்கச் சொல்லவோ அடுத்த இடத்துல காட்டவோ அது ஆகும்.

அப்புறம் போன் நம்பர். கையில காசு இல்லாத நேரத்துல ரீசார்ஜ் நின்னு போறதும் நம்பர் மாறுறதும் சகஜம். ஆனா வெயிட்டிங் லிஸ்ட்ல உங்க முறை வந்து ரெண்டு மூணு தடவ கூப்பிட்டும் எடுக்கலன்னா அடுத்த பேருக்குப் போயிரும், நானே அப்படிக் கோடு போட்டுட்டு அடுத்த நம்பர டயல் பண்ணியிருக்கேன், அந்தப் பேரு யாருன்னு ஞாபகம் இருக்கும்போதுகூட. அதனால ஃபார்ம்ல ரெண்டாவது நம்பர் கேக்குற இடத்தக் காலியா விடாதீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, கூடப் பொறந்தவங்க, யாரு நம்பராவது போடுங்க, அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. வீட்ல பாதுகாப்பு இல்லாதவங்கன்னா வீட்டு நம்பரக் குடுக்காதீங்க, எந்த நேரத்துல கூப்பிட்டாப் பரவால்ல, யாருகிட்ட எதுவும் சொல்லக் கூடாதுன்னு அந்த ஃபார்ம்லயே எழுதச் சொல்லுங்க.